சீம்பாலைக் கொட்டச் சொல்லாதீர்கள்

பிள்ளை பிறந்ததும் நாம் தேடுவது சர்க்கரைத் தண்ணீரை. ராசியான கை யாருடையது என்று பார்த்து, அவரைக் கூப்பிட்டுச் சேனை வைக்கச் சொல்கிறோம். தாயிடம் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பாலை, "கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டு" என்று யாரோ சொன்னால் தலையாட்டுகிறோம். ஒரு கைபேசி வாங்க ஊரெல்லாம் விசாரிக்கிற நாம், இதை மட்டும் ஏன் விசாரிப்பதில்லை?

கொட்டுவது எதை என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் அந்த முதல் சில நாள் பாலில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். தாயின் குடலில் கிருமிகளைச் சந்தித்துப் பழகிய செல்கள் மார்பகத்துக்கு வந்து சேர்ந்து, அதே கிருமிகளுக்கு எதிராக அதை உண்டாக்குகின்றன. உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் உங்கள் தெருவிலும் இருக்கும் கிருமிகளுக்கென்றே உருவான காப்பு அது. எந்தப் பால்மாவு டப்பாவில் வரும்? செரிமானத்தில் எளிதில் சிதையாதபடி கூடவே ஒரு புரதத் துண்டு அதைக் காக்கிறது. குழந்தையின் குடலை அடைந்ததும், கிருமி குடல் சுவரில் ஒட்டாமல் அது தடுக்கிறது.

சீம்பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும். சில கிருமிகளின் வெளியுறையையும் அது குலைக்கும். அந்த வழியில் நுழைந்து உள்சுவரை அறுப்பது, 1922இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பெயரிட்ட லைசோசைம் என்ற நொதி. பசும்பாலில் அது மிக மிகக் குறைவு.

"பால் பத்தலையே" என்கிறீர்கள். பிறந்த குழந்தையின் வயிறு எவ்வளவு சிறியது! முதல் நாள் சொட்டுச் சொட்டாக வருவதே அதற்குப் போதும். புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். பால்மாவுக்கு விளம்பரம் கூடாதென்று 1992லேயே சட்டம் போட்ட நாட்டில், பிரசவப் பையில் டப்பாவை நாமே வாங்கி வைக்கிறோம்! சேனையாக நாக்கில் வைக்கும் தேனோ இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் அது கடும் நச்சு நோயைக்கூடக் கொண்டுவரலாம்.

உடல்நிலையால் பாலூட்ட முடியாத தாய்மாரை நான் சொல்லவில்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன, கேளுங்கள்.

அப்பாக்களே, உங்களைத்தான் அதிகம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் சங்கோடு வரும்போது நீங்கள் ஏன் வராந்தாவில் போய் நிற்கிறீர்கள்? அறைக்குள்ளேயே இருங்கள். "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் அம்மா" என்று பொறுமையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போடும்படி, வலி வருவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.