இளைப்பாறுதல்

சாந்தி, ஓய்வு, விச்ராந்தி என்று பதங்கள் பல நம்மிடம் இருப்பினும், தேகம் பட்ட பாட்டையும் அது தணியும் விதத்தையும் ஒருங்கே உணர்த்துவது 'இளைப்பாறுதல்' ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. எல்லாவற்றுக்கும் அவகாசம் வேண்டும். ஓய்வோ ஒரேயடியாக நின்றுபோவதையும் குறிப்பது. உத்தியோகத்தினின்று விலகியவர் இங்கே 'ஓய்வுபெற்ற'வராகிறார். அவரையே இலங்கைத் தமிழர் 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று எழுதுவது, ஆயுளில் பாதியை வகுப்பறையில் நின்று கழித்த மனிதருக்குச் செய்யும் கூடுதல் மரியாதையாகவே நமக்குத் தோன்றுகிறது.

தலைச்சுமையோடு தனிவழி போகிறவன், பிறிதொருவர் கைகொடுத்தாலன்றிச் சுமையை இறக்கவும், இறக்கியதை மீண்டும் ஏற்றவும் இயலாது தவிப்பான் என்பதை அறிந்தே, நம் முன்னோர் சாலையோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மீது ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைய ஒரு பலகைக்கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி என்று பெயரிட்டனர். அங்கே அவன் குனிய வேண்டியதில்லை. சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிட்டு, சும்மாட்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு, மூச்சு சீரானபின் அதே சுமையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு நடப்பான். கர்ப்பவதியாக மாண்ட பெண்ணின் ஞாபகார்த்தமாக இக்கல்லை நாட்டுவதும், சிலவற்றில் அவள் பெயரைப் பொறிப்பதும் வழக்கமாயிருந்தன. வயிற்றுச் சுமை இறங்காமலே போனவளின் பொருட்டு, முன்பின் அறியாத வழிப்போக்கனின் சுமையை இறக்கிவைக்க நினைத்த அந்த மனம் சாமானியமானதன்று. சாலைகளை அகலப்படுத்தும்போது இவற்றைப் பெயர்த்தெறிகிறவர்களுக்கு இது தெரியவேண்டிய அவசியமில்லைதான்.

ஜவுளிக்கடைகளில் பகல் முழுதும் நின்றே வேலைசெய்வோர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்பதை, கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் சட்டம் திருத்திச் சொல்லவேண்டியிருந்தது. சட்டத்தை வரவேற்கிறோம். ஆயினும், பிரித்துக் காட்டிய புடவைகளையெல்லாம் மறுபடி மடித்து அடுக்கி முடித்த பெண், கூட்டமில்லாத நேரத்தில் முக்காலியை இழுத்துப் போடுமுன் மேற்பார்வையாளரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நேருமாயின், முக்காலி இருந்தும் பிரயோஜனமில்லை. முதலாளிமார் இருக்கை வாங்கிய கணக்கைக் காட்டுவதோடு நில்லாமல், அதில் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளிக்காமலும் இருக்கவேண்டும். கடைக்குள் நுழைந்தவுடனே நம்மைக் கண்டு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டுமென்று எதிர்பார்க்கிற வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு.