ஏழும் நூற்றிருபத்தாறும்

ஈஜிபுராவில் எங்கள் தெருவில் காலை ஆறரைக்கே கூட்டம் சேரும் இடங்கள் இரண்டு: பால் பூத், ரத்தப் பரிசோதனைக் கூடம். இரண்டாவதில் நிற்பவர்கள் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் தன் ரிப்போர்ட்டோடு வந்தார். "வெறும் வயித்துல எனக்கு நூத்தி இருபத்தாறாம் தம்பி. லண்டன்ல பெரியவனுக்கு ஏழுதானாம். அந்த ஊர் தண்ணி அப்படி" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி.

அதைக் கெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே அளவு. இங்கே ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடையைச் சொல்கிறார்கள். பிரிட்டனில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று மூலக்கூறுகளின் கணக்கைச் சொல்கிறார்கள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. ஒரு மில்லிமோல் என்றால் 180 மில்லிகிராம். அது ஒரு லிட்டரில் இருந்தால் டெசிலிட்டருக்கு 18. ஏழைப் பதினெட்டால் பெருக்கினால் 126. வெறும் வயிற்றில் நீரிழிவின் எல்லைக்கோடு அதுதான். மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். தாயும் மகனும் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்.

கூடத்துக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. கருவியின் வரம்பைத் தாண்டிச் சர்க்கரை இருந்தால், மாதிரியை நீர்க்கச் செய்து அளந்து, விடையைப் பெருக்குவார்கள். 'ஒன்றுக்குப் பத்து' என்று சொல்வது சுலபம். ஒரு பங்கோடு ஒன்பது சேர்த்து மொத்தம் பத்தா, பத்து சேர்த்து மொத்தம் பதினொன்றா? பதினொன்றாக்கிவிட்டுப் பத்தால் பெருக்கினால் 550 இருப்பவருக்கு 500 என்று ரிப்போர்ட் வரும். கருவி மேல் குற்றமில்லை, பேச்சில்தான் பிழை.

மொழிபெயர்ப்பவனுக்கு இன்னொரு பயம். தைராய்டு மாத்திரைகளின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். 'மை.கி.' என்று சுருக்கி எழுதி, அச்சில் 'மி.கி.' ஆகிவிட்டால் மருந்து ஆயிரம் மடங்காகும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அவசரக் கையெழுத்தில் 'எம்' போலத் தெரியும் என்பதால் மருந்துச் சீட்டில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் 'மைக்ரோகிராம்' என்றே முழுதாக எழுதுகிறேன். இடம் போதவில்லை என்று பக்கம் அமைப்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு 'முந்திரி' என்று பெயர் வைத்துக் கணக்குப் பார்த்த மொழி இது. இன்று "சுகர் எவ்வளவு?" என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அலகில்லாத எண் பாதிச் செய்திதான். சில நேரம் தவறான செய்தி.

எதிர்வீட்டு அம்மாள் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் '7 × 18' என்று எழுதித் தரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும்போது பெருக்கச் சொல்வாராம்.