வரிசை எண் வேறு, பாட்டெண் வேறு

கடந்த வாரம் ஓர் இரவு, கசார்வாடியில் நான் தங்கியிருக்கும் அறைக்கு இளம் ஆய்வாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். புறநானூற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பாடல்களுக்கு எண்ணிட, 'ரோ நம்பர்' என்னும் செயற்கூற்றைக் கொண்டு வினவல் எழுதியிருந்தார். மூன்று நாள்களாகத் தொடரியல் பிழை என்ற ஒரே செய்திதான் விடையாக வந்துகொண்டிருந்தது.

காரணம் எளியது. அவரிடம் இருந்தது மைஎஸ்க்யூஎல் 5.7. இவ்வகைச் செயற்கூறுகள் எஸ்க்யூஎல் தர வரையறையில் 2003இலேயே இடம்பெற்றிருந்தும், மைஎஸ்க்யூஎல் அவற்றை 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் ஏற்றது. முந்தைய பதிப்பின் இலக்கணத்தில் 'ஓவர்' சிறப்புச் சொல் அன்று. எனவே பகுப்பான் அதைக் களத்துக்கு இட்ட மாற்றுப்பெயராகக் கொள்கிறது. அடுத்து அடைப்புக்குறி வந்ததும் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி 'ஓவர்' என்பதை விடுத்து அடைப்புக்குறியைச் சுட்டுவது இதனால்தான். ஓர் இலக்கணத்தில் இடைச்சொல்லாக நிற்பது இன்னோர் இலக்கணத்தில் பெயர்ச்சொல் ஆவது மொழியியல் மாணவர்க்குப் புதிதன்று.

புதிய பதிப்புக்கு மாறியபின் வேறு இரு பிழைகள் தலைகாட்டின. அடைப்புக்குறிக்குள் 'பார்ட்டிஷன் பை' முன்னும் 'ஆர்டர் பை' பின்னும் வரவேண்டும். இடையில் காற்புள்ளி கூடாது. எண்ணைக் கொண்டு வடிகட்ட வேண்டுமெனில், அதே வினவலின் நிபந்தனைப் பகுதியில் அதைக் குறிப்பிட இயலாது. நிபந்தனை நிறைவேறிய பின்னரே எண் பிறக்கிறது. உள்வினவலில் எண்ணிட்டு வெளிவினவலில் வடிகட்டுவதே வழி.

எல்லாம் திருந்தியது; பட்டியல் வந்தது. நண்பர் மகிழ்ந்தார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே 398 என்றிருந்தது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. கணினிக்கு அந்த இழப்பு தெரியாது. 269ஆம் பாட்டுக்கு அது 267 என்று எண்ணிட்டிருந்தது. அங்கிருந்து இறுதிவரை 132 பாட்டுகளின் எண்களும் இரண்டிரண்டு குறைந்திருந்தன. அப்பட்டியலை நம்பி மேற்கோள் காட்டியிருந்தால், மூன்றில் ஒரு பங்கு மேற்கோள்கள் வேறு பாட்டுகளைச் சுட்டியிருக்கும். இதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

என் கருத்து இதுதான்: தொடரியல் பிழை நம்மைத் தடுத்து நிறுத்துவதால் அது நமக்கு நட்பு, பிழையின்றி ஓடும் தவறான வினவலே பகை. 'ஆர்டர் பை' இல்லாமல் எண்ணிட்டால் எஸ்க்யூஎல் சர்வர் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0, போஸ்ட்கிரெஸ் ஆகியவை ஏற்றுக்கொண்டு, உறுதியற்ற ஓர் ஒழுங்கில் எண் தரும். பாட்டெண்ணை எழுத்துச் சரமாகச் சேமித்திருந்தால் 1க்குப் பின் 10, பிறகு 100 என்று ஒழுங்கு அமையும். இவையும் ஓசையின்றி நிகழ்பவையே.

எண்ணிடும் வினவலே வேண்டாம் என்பதன்று என் வாதம். கபிலர் பாடியவற்றைத் தனியே எண்ண, ஒரு பாட்டின் இரட்டைப் பதிவுகளை நீக்க, அது இன்றியமையாதது. ஆனால் வரிசை எண் என்பது ஒரு விடைப் பட்டியலில் ஓர் உறுப்பு நிற்கும் இடம். பட்டியல் மாறினால் அதுவும் மாறும். பாட்டெண்ணோ அப்பாட்டின் பெயர். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய காலந்தொட்டு, அறிஞர்கள் அப்பெயரைக் கொண்டே ஒருவரோடொருவர் உரையாடி வருகிறார்கள். ஐங்குறுநூற்றிலும் 129, 130 இல்லை. அங்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது.

ஆகவே, மரபுவழிப் பாட்டெண்ணைத் தனிக் களத்தில் எண்ணாகவே சேமியுங்கள்; அதைக் கொண்டே ஒழுங்குபடுத்துங்கள்; மேற்கோளுக்கு அதையே எடுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வினவலையும் இணையுங்கள். நெறியாளர்களும் தேர்வாளர்களும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

நண்பரின் பட்டியலில் இப்போது 266க்குப் பின் 269 வருகிறது. அந்த இடைவெளியும் புறநானூற்றின் வரலாற்றில் ஒரு பகுதிதான். அதை அடைத்துவிட நமக்கு உரிமை இல்லை.