களிம்பும் சுண்டெலியும்

மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைக்கப்படும் தாளின் பொடி எழுத்தைப் பற்றி நான் இப்பத்தியில் பலமுறை சினந்து எழுதியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம், என் உறவுப்பெண் ஒருத்தி முகம் வெளுக்கும் என்ற நம்பிக்கையில், மருத்துவர் சீட்டு ஏதுமின்றிக் கடையில் கேட்ட மாத்திரத்தில் வாங்கிவந்த க்ளோபெடசோல் என்ற ஸ்டீராய்டுக் களிம்பின் தாளைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தபோது, அந்தக் கோபம் இருமடங்காயிற்று. இவ்வகை மருந்துகள் பரிசோதனைப் பிராணிகளின் கருவில் ஊனம் விளைத்திருக்கின்றன என்று ஒரே ஒரு வாக்கியம். எந்தப் பிராணி, எங்கே, எப்போது என்ற விவரம் கிடையாது.

அந்தத் தாள் சொல்லாமல் விட்ட விவரங்களில் ஒன்று இது: 1951-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில், கிளார்க் ஃப்ரேசர் குழுவினர் சினைச் சுண்டெலிகளுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசி மூலம் போட்டார்கள். பிறந்த குஞ்சுகளுக்கு அண்ணம் பிளந்திருந்தது. மருந்து ஒன்றே ஆயினும், ஒரு வம்சத்தில் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும், மற்றொரு வம்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் ஊனமுற்றன. சுண்டெலிக்கும் சுண்டெலிக்குமே இத்தனை பேதம் இருக்க, அதன் சாட்சியத்தை மனுஷிக்குப் பொருத்துவதில் எவ்வளவு நிதானம் வேண்டும்! தோலிலும் இதே சங்கடம்தான்: சோதனைச்சாலைகளுக்குப் பிரியமான முயலின் தோல் மனிதத் தோலைவிட எளிதாக மருந்தை உள்ளே விடுகிறது, நம்முடையதற்கு அணுக்கமானது பன்றியின் தோல்.

இவ்விடத்தில் களிம்பை வைத்துவிட்டு, வழக்கம்போல் ரஸ்ஸல், பர்ச் என்ற விஞ்ஞானிகள் இருவரின் புத்தகத்தை எடுத்துவிட்டேன். மனிதாபிமானமுள்ள பரிசோதனை முறையின் தத்துவங்களைக் கூறும் அந்நூல் 1959-ல் லண்டனில் பிரசுரமாயிற்று. பிராணிக்குப் பதிலாக வேறு உபாயம் தேடுவது, அது இயலாதவிடத்து எண்ணிக்கையைக் குறைப்பது, குறைத்த பின்னும் எஞ்சும் வேதனையைத் தணிப்பது என்ற மூன்று கடமைகளை வகுத்ததற்காக அதை எல்லோரும் புகழ்கிறார்கள். நான் அதை நேசிப்பதற்குக் காரணம், வதைபடும் பிராணியின் உடல் தரும் விடையே பழுதுபட்டுவிடும் ஆதலால் ஜீவகாருண்யம் விஞ்ஞானத்திற்கு இன்றியமையாத நிபந்தனை என்பதை, கண்ணீர்ப் பிரசங்கம் எதுவும் செய்யாமல், பக்கம் பக்கமாக நிரூபித்துக் காட்டும் அந்தத் துணிவுதான். இத்தகைய நூலை விஞ்ஞான உலகம் பல்லாண்டுகள் திரும்பிப் பாராமல் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது.

அது வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், மெக்கன்ஸி, ஸ்டௌட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவர் ஸ்டீராய்டின் வீரியத்தை மனிதத் தோலிலேயே அளந்தார்கள். மருந்து பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளிறும். வெளிறும் அளவே வீரியத்தின் அளவு. மனமுவந்து கை நீட்டிய மனிதரின் முன்கை போதும். ஒரே ஸ்டீராய்டின் இரு களிம்புகளை ஒப்பிட அமெரிக்க மருந்து நிர்வாகம் 1995-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இம்முறையையே கைக்கொண்டது. கருவைப் பற்றிய கேள்வியை மட்டும் இன்னமும் எலியிடமும் முயலிடமும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கும் வேறு உபாயம் காணும் ஆய்வாளர்களுக்கு அரசுகள் தாராளமாகப் பொருளுதவி செய்ய வேண்டுமென்று மன்றாடிக் கேட்கிறேன்.