உலாவியை ஆளும் முறை

மாணாக்கருள் இணைய உலாவியை நாடோறும் திறவாதார் அரியர். அதனைச் செவ்வனே ஆள அறிந்தாரோ சிலரே. 1990ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞர், செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் உலாவியை இயற்றியபோது, அது படித்தற்கேயன்றிப் பக்கங்களைத் திருத்தி எழுதுதற்கும் உரிய கருவியாயிருந்தது. இன்று நாமோ கண்டதைக் கண்டவாறே உருட்டிச் செல்வாராயினோம்.

இக்குறை நீங்கச் சில பழக்கங்கள் வேண்டும். நீண்ட கட்டுரையில் ஒரு சொல்லைக் காணக் கண்ட்ரோல், எஃப் விசைகளை ஒருங்கே அழுத்துக. தவறி மூடிய தாவலைக் கண்ட்ரோல், ஷிப்ட், டி என்னும் மூன்றும் மீட்டுத்தரும். மீண்டும் கற்கத்தக்க பக்கத்திற்குப் புத்தகக்குறி இட்டு, ஏனைய தாவல்களை மூடிவிடுக.

இவற்றினும் இன்றியமையாதது காவல். பலர் புழங்கும் நூலகக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமித்தல், வீட்டுத் திறவுகோலைச் சந்தையில் தொங்கவிடுதலை ஒக்கும். ஆங்கு இன்காக்னிட்டோ என வழங்கும் மறைசாளரத்தைத் திறத்தல் நலம். அதனை மூடியபின், சென்ற பக்கங்களின் வரலாறு அவ்வுலாவியில் தங்காது. ஆயினும் அதனை முழுத்திரையெனக் கருதற்க. நாம் புகும் தளமும், கல்லூரி வலையமைப்பும் நம் வருகையை அறியக்கூடும். இவ்வறிவை முதலாண்டு வகுப்பிலேயே புகட்டுதல் ஆசிரியர் கடனென்பது எம் துணிபு.