எழுதப்படாத இதயம்

நிலவு காயும் இரவில், மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தருகே துடுப்பை வாவிநீரில் ஊன்றி, அதன் மறுமுனையிற் செவி வைத்தவர்க்கே மீன்பாட்டுக் கேட்கும். செவி வையாதவன் பாட்டே இல்லை என்பான். சுரங்கத் தொழிலாளியின் இதயத்திற்கும் இந்நிலையே நேர்ந்தது.

கிழக்கு ஜேர்மனியில் விஸ்முட் நிறுவனம் 1946 முதல் 1990 வரை யுரேனியம் அகழ்ந்தது. அங்கு உழைத்த ஏறத்தாழ 59,000 பேரை ஆராய்ந்தோர், றேடன் வாயு நுரையீரற் புற்றுநோயை விளைத்ததை ஐயமறக் கண்டனர். இதயநோயோடு அதற்குள்ள தொடர்பை 2006 இல் அவர்கள் காணவில்லை. பிரான்சிலோ, றேடன் மிகுதியாக ஏற்ற சுரங்கத்தாரிடையே மூளை இரத்தக்குழாய் நோயால் மரணம் மிகுந்ததென 2010 இல் ஓர் ஆய்வு கூறிற்று. எது மெய்? தீர்ப்பது அரிது. பலருடைய புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் எழுதி வைக்கப்படவில்லை. இதயநோய் எவர்க்கும் வருவது. ஆதலால் சுரங்கத்தின் பங்கு அதனுள் எளிதில் மறைந்துவிடும்.

நமக்கென்ன என்பீர்கள். நம் வாவிக்கரையில் யுரேனியச் சுரங்கம் இல்லை என்பது உண்மை. ஆயினும் வடக்கே புல்மோட்டைக் கனிம மணலில் தோரியம் பொதிந்த மொனசைற்று உண்டு. திறந்தவெளி மணல் ஆழ்சுரங்கமன்று. அச்சமூட்டுவது என் நோக்கமுமன்று. வேலையிற் சேரும் நாளிலேயே தொழிலாளியின் இரத்த அழுத்தத்தையும் பழக்கங்களையும் எழுதுக; ஆண்டுதோறும் அவன் ஏற்கும் தூசியையும் கதிர்வீச்சையும் அளந்து எழுதுக. அத்தகைய ஏடு இல்லாதவிடத்துத் தீங்கில்லை என்பது அறிவன்று, செவி வையாமையே.