பழைய கணிப்பொறியும் புதிய நினைவகமும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் பெருவிலை கொடுத்து வாங்கிய ‘வொர்க்ஸ்டேஷன்’ என்னும் கணிப்பொறிகளை, வேகங் குன்றியதென்று மூலையிலொதுக்கும் வழக்கம் ஆய்வுக்கூடங்களில் மிகுந்து வருகின்றது. அவற்றுட் பலவற்றிற்கு வேண்டுவது ராம் எனவழங்கும் நினைவகம் சிறிது கூடுதலாகவே யன்றி வேறன்று என்பது நமது துணிபு. ஆயின், “எத்தனை ஜிபி? என்ன விலை?” என்னும் இரண்டு வினாக்களோடு மட்டும் கடைக்குச் செல்வார், தம் பொறி ஏற்காத பலகையைக் கொண்டு மீள்வதும் உண்டு.

2012ஆம் ஆண்டில் வெளிவந்த எச்பி இஸட்420 என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் நினைவகப் பலகைகளைச் செருகுதற்கு எட்டு இடங்கள் உள. 64 ஜிபி வரை ஏற்கும். அதற்குரியது டிடிஆர்3 வகை. டிடிஆர்4 புதியதாயினும் ஈண்டுப் பயன்படாது. முன்னதற்குத் தொடுமுனைகள் 240, பின்னதற்கு 288. இத்தவற்றால் பெருங்கேடில்லை, பலகை உட்புகாதாகலின் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

உட்புகும் பலகையே நம்மை ஏமாற்றுவது. சர்வர் பொறிகளினின்று கழற்றப்பட்ட ‘ரெஜிஸ்டர்டு’ பலகைகள் பழம்பொருட் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றிற்கும் முனைகள் 240; இடத்தில் ஒழுங்காகவே அமரும். ஆனால், கட்டளைகளை இடைநின்று வாங்கிச் செலுத்தும் ரெஜிஸ்டர் என்னுஞ் சில்லு அவற்றில் உண்டு. இஸட்420க்கு விதிக்கப்பட்டதோ அச்சில்லு இல்லாத ‘அன்பஃபர்டு ஈசிசி’ வகை. இவ்விரண்டையும் கலந்து செருகுதல் எப்பொறியிலும் ஆகாது. “சர்வர் ராம், தரமானது” என்பர் விற்போர். தரமானதுதான், நமக்குரியதன்று.

ஈசிசி என்பது 64 பிட்டுத் தரவோடு 8 பிட்டுகளைக் காவலாக வைத்து, ஒரு பிட்டு பிறழின் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. சிறிது பணம் மிஞ்சுமென்று இக்காவலை நீக்க விரும்புவாரோடு நாம் உடன்படோம். கடிதத்தில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாற் கண்டுகொள்ளலாம். மூன்று நாள் இரவும் பகலும் ஓடுங் கணக்கில் ஓரெண் பிறழ்ந்தாலோ, ஆய்வு மாணவனது முடிவே பிறழும். பிறழ்ந்ததென அவன் அறியவும் மாட்டான்.

மற்றொன்று: இப்பொறியின் நினைவகத்திற்கு நான்கு வழிகள் உள. ஆதலின் பலகைகளை நந்நான்காக இடுதல் நன்று. 32 ஜிபி வேண்டுவார் 8 ஜிபி பலகை நான்கு வாங்கினால், மற்றை நான்கிடமும் பின்னாளுக்கு எஞ்சும். (32 பிட்டு விண்டோஸை இன்னும் வைத்திருப்போர் முதலில் அதனை மாற்றுக, சாதாரணமாக அது 4 ஜிபிக்கு மேற் பயன்கொள்ளாது.)

இவற்றையெல்லாம் மனப்பாடஞ் செய்ய வேண்டுவதில்லை. முன்னரே உள்ள பலகையின் சீட்டைப் பார்த்தாற் போதும். ‘பிசி3-12800’ என்பதையடுத்து ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்திருப்பின் அன்பஃபர்டு ஈசிசி; ‘ஆர்’ இருப்பின் ரெஜிஸ்டர்டு; ‘யு’ இருப்பின் காவலில்லாதது. குறைந்த விலைக்கே பொருள் வாங்கும் விதியுடைய கல்லூரி அலுவலகங்கள், கொள்முதற் சீட்டில் ஜிபி அளவோடு இவ்வெழுத்தையும் எழுதுவித்தல் வேண்டும். பலகை வந்தபின் ஓரிரவு மெம்டெஸ்ட் சோதனையை ஓடவிட்டு, பிழையொன்றும் இல்லையெனக் கண்ட பின்னரே விலைச்சீட்டில் கையொப்பமிடுக.